அமெரிக்க 401கே பணம்: ஊர் திரும்பினா எப்ப எடுக்கலாம்?

அமெரிக்காவுல பத்து, பதினைந்து வருஷம் வேலை பார்த்துட்டு ஊர் திரும்பறவங்க கேட்கிற முதல் கேள்வி இது: "என் 401கே பணத்தை இங்க பிஎஃப் கணக்குக்கோ என்பிஎஸ்ஸுக்கோ அப்படியே மாத்திக்க முடியுமா?"

முடியாது. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல அப்படி ஒரு பாதையே கிடையாது. 401கே-யிலிருந்து வெளியே எடுத்தா, எடுத்த வருஷமே அமெரிக்கா அதை வருமானமா எண்ணும். அதனால யோசிக்க வேண்டியது எப்ப எடுக்கறதுன்னுதான்.

ஒரு கணக்கு போடுவோம். வயசு 45. கணக்குல 1,00,000 டாலர். க்ரீன் கார்டு இல்லை, இந்தியாவுல குடியேறியாச்சு. மொத்தமா எடுத்தா வழக்கமா 30 சதவீதம் பிடிச்சுக்கிட்டு 70,000 டாலர் அனுப்புவாங்க. பிடிச்சது முடிவான வரி இல்லை. அடுத்த வருஷம் 1040-என்ஆர் படிவம் தாக்கல் பண்ணித்தான் கணக்கு தீரும். 59½ வயசுக்கு முன்னாடி எடுத்ததுக்கு 10 சதவீதம், அதாவது 10,000 டாலர், தனியா உண்டு. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கணும்னு இதைச் செய்யறது, என் பார்வையில, ரொம்ப விலை கூடின கடன்.

55 வயசு ஆகிற வருஷத்துலயோ அதுக்கு அப்புறமோ வேலையை விட்டவங்களுக்கு, அந்தக் கம்பெனியோட 401கே-யில் எடுக்க இந்த 10 சதவீதம் இல்லை. ஆனா பணத்தை ஐஆர்ஏ கணக்குக்கு மாத்திட்டா அந்தச் சலுகை போயிடும். மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துக்கோங்க.

இனி இந்தியப் பக்கம். திரும்பி வந்ததும் பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு, மூணு வருஷம் 'ஆர்என்ஓஆர்' நிலை கிடைக்கும். முந்தைய 10 வருஷத்துல 9 வருஷம் என்ஆர்ஐ-யா இருந்திருக்கணும், இல்லைன்னா முந்தைய 7 வருஷத்துல இந்தியாவுல இருந்தது 729 நாளைத் தாண்டாம இருக்கணும். இந்தக் காலத்துல 401கே-யிலிருந்து எடுக்கிற பணத்துக்கு இந்தியாவுல வரி இல்லை. ஆனா ஒரு நிபந்தனை: பணம் முதல்ல அமெரிக்க வங்கிக் கணக்குல விழணும், அங்கிருந்து இங்க வரணும். நேரா இந்திய வங்கிக்கு வரவழைச்சா 'இந்தியாவில் பெற்ற வருமானம்'னு வரி கேட்கலாம். அதனால அங்க இருக்கிற வங்கிக் கணக்கை மூடாதீங்க. ஓடிபி வர்ற அமெரிக்க போன் நம்பரையும் விடாதீங்க. அந்த நம்பர் போனதால சொந்தக் கணக்குக்குள்ளயே நுழைய முடியாம தவிக்கிறவங்க உண்டு.

ஆர்என்ஓஆர் முடிஞ்சு முழு ரெசிடென்ட் ஆனதும் வேற சிக்கல். கணக்குக்குள்ள வளர்ற தொகைக்கு வருஷா வருஷம் இங்க வரி, அமெரிக்காவுலயோ எடுக்கும்போதுதான் வரி. வருஷங்கள் பொருந்தலைன்னா அங்க கட்டின வரியை இங்க கழிக்க முடியாது. இதுக்காகத்தான் 2021 நிதிச் சட்டத்துல 89ஏ பிரிவு வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணுக்கும் பொருந்தும். படிவம் 10-ஈஈ கொடுத்தா, அமெரிக்காவுல வரி விழற வருஷத்துலதான் இந்தியாவுலயும் வரி. ரிட்டர்ன் கெடுவுக்குள்ள கொடுக்கணும், கொடுத்துட்டா திரும்பப் பெற முடியாது. புதிய வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறும், ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

அப்போ விட்டு வைக்கிறதுதான் நல்லதா? சின்னத் தொகைன்னா ஆர்என்ஓஆர் காலத்துலயே வருஷத்துக்குக் கொஞ்சமா எடுத்து முடிச்சுடறதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். 10 சதவீதம் போகும், ஆனா தலைவலி போயிடும். பெரிய தொகைன்னா 59½ வரை காத்திருந்து எடுக்கிறதுதான் லாபம். ஆனா அதுல யாரும் பேசாத ஓர் ஆபத்து இருக்கு.

இந்தியா 1985-லயே எஸ்டேட் வரியை எடுத்துடுச்சு. அதனால நமக்கு அந்த நினைப்பே வராது. அமெரிக்காவுல அது இருக்கு. அங்க குடியுரிமையும் இல்லாம, நிரந்தரமா வசிக்காமலும் இருக்கிறவர் இறந்தா, அவரோட அமெரிக்கச் சொத்துல விலக்கு 60,000 டாலர்தான். அதுக்கு மேல 40 சதவீதம் வரைக்கும் போகும். 401கே-யும் அமெரிக்கச் சொத்துதான். 3,00,000 டாலர் இருந்தா, வேற கழிவு இல்லைன்னா, ஏறக்குறைய 75,000 டாலர் வரி. மனைவிக்குத்தானே போகுதுன்னு நினைக்க வேண்டாம். அவங்களும் அமெரிக்கக் குடிமகள் இல்லைன்னா, கணவன் மனைவிக்கான சலுகை தானா கிடைக்காது. இந்த வரிக்கு ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தமும் இல்லை.

அதனால காத்திருக்கிறவங்க, அந்தத் தொகை அளவுக்காவது இங்க ஒரு டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்து வைக்கலாம். நாமினி பெயர் பழைய விவரத்துலயே இருக்கான்னும் பார்த்துடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேர் கொடுத்தது அப்படியே கிடக்கலாம்.

சோஷியல் செக்யூரிட்டி தனிக் கதை. 40 கிரெடிட் சேராதவங்க கட்டின பணம் என்ன ஆகும்கிறதை அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.