353 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கரித்துண்டு... கீழடியின் வயசைக் கண்டுபிடித்தது எப்படி?

மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டி என்றதும் காந்தி நிகேதன் ஆசிரமம்தான் நினைவுக்கு வரும். பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்த இடம். அதே ஊரில் 1976-ல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது பலருக்குத் தெரியாது. கீழடியில் குழி தோண்டுவதற்கு ஏறக்குறைய 40 வருஷம் முன்பு!

அந்தக் காலத்தில் மண்ணுக்குள் கிடைக்கும் பொருளின் வயசை அளப்பது லேசான வேலை இல்லை. மரம், செடி, மனிதன் என உயிருள்ள எல்லாவற்றிலும் கார்பன்-14 என்ற அணு மிகச் சிறிதளவு இருக்கும். உயிர் போனபின் அது சிதைந்து குறையத் தொடங்கி, 5,730 வருஷத்தில் பாதியாகிவிடும். மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் வயசு தெரியும். ஆனால், அணுக்கள் சிதையும்வரை காத்திருந்து எண்ணும் பழைய முறைக்குக் கிராம் கணக்கில் கரி வேண்டும்.

1977-ல் அமெரிக்க, கனடா விஞ்ஞானிகள் வேறு வழி காட்டினார்கள். ஏன் காத்திருக்க வேண்டும், அணுக்களையே நேரடியாக எண்ணினால் என்ன? அதுதான் ஆக்சிலரேட்டர் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, சுருக்கமாக ஏ.எம்.எஸ். இதற்கு ஒரு மில்லிகிராம் கார்பனே போதும்.

முறத்தில் புடைத்தால் நெல் ஒரு பக்கம், பதர் ஒரு பக்கம் விழுமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். கரித்துண்டை அமிலத்திலும் காரத்திலும் கழுவி, எரித்து, வரும் வாயுவைக் கிராஃபைட்டாக மாற்றுவார்கள். அதன் அணுக்களுக்கு எதிர் மின்னூட்டம் ஏற்றி, அசுர வேகத்தில் காந்தத்தைக் கடக்க விடுவார்கள். லேசான அணு அதிகமாக வளையும். கனமானது குறைவாக வளையும். ஒரே இடைஞ்சல், காற்றிலுள்ள நைட்ரஜன்-14. அதன் எடை கார்பன்-14-ஐப் போலவேதான். நல்லவேளை, எதிர் மின்னூட்டம் அதில் நிலைக்காது. தானாகவே போட்டியிலிருந்து கழன்றுகொள்ளும்!

கீழடி நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த 6 கரி மாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஆய்வகத்துக்குப் போயின. 353 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரியின் காலம் கி.மு. 580 என முடிவு வந்தது. 2019 செப்டம்பரில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டதும் ஊரெல்லாம் அதே பேச்சு.

ஆனால், இதில் கவனமும் வேண்டும். கருவி அளந்தது கரியின் வயசை; பானை ஓட்டின் வயசை அல்ல. இரண்டும் ஒரே மண்ணடுக்கில் கிடந்ததால்தான் ஓட்டுக்கும் அந்தக் காலம் பொருந்துகிறது. எந்த ஆழம், எந்த அடுக்கு என்று குழியில் எழுதிவைத்த குறிப்பு பிசகினால், எத்தனை கோடி ரூபாய் கருவியாலும் பயனில்லை. இன்னொன்று, கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்தில் கார்பன் கணக்கு கொஞ்சம் மங்கல். பல பத்தாண்டுகள் முன்பின் ஆகலாம். அதனால் ஒரு மாதிரியோடு நிறுத்தக் கூடாது.

கீழடியின் முதல் இரண்டு கட்டங்களை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணாவிடம், அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025-ல் மத்திய தொல்லியல் துறை கேட்டதும், அவர் மறுத்ததும் இந்தக் காலக்கணக்கை ஒட்டித்தான்.

வயசு மட்டுமல்ல, பானையில் என்ன சமைத்தார்கள் என்பதையும் கண்டுபிடிக்கலாம். ஓட்டில் ஊறிய கொழுப்பை வாயு குரோமட்டோகிராஃபி தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். வட இந்தியாவின் சிந்துவெளிப் பானைகளில் இறைச்சிக் கொழுப்பு இருந்தது 2020-ல் இப்படித்தான் தெரிந்தது.

கல்லுப்பட்டிப் பக்கம் கிணறு வெட்டும்போது பழைய ஓடு கிடைத்தால் தேய்த்துக் கழுவ வேண்டாம். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, பேரையூர் தாலுகா அலுவலகத்தில் சொல்லுங்கள்.