குறைந்தபொருள் ஆட்டம்

ஒரு நிகழ்பட விளையாட்டு தரும் ஆயுதங்கள், கவசங்கள், உயிர் கூட்டும் பொருட்கள் ஆகியவற்றில் மிகக் குறைவானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த விளையாட்டை முடிக்கும் முயற்சி குறைந்தபொருள் ஆட்டம் எனப்படுகிறது. விளையாட்டு இதைக் கேட்பதில்லை. ஆடுபவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடு இது. வீடியோ கேம் ஆடுவோர் பொதுவாக 'சேலஞ்ச் ரன்' என்று அழைக்கும் முயற்சிகளில் இதுவும் ஒரு வகை. எத்தனை சதவீதப் பொருட்கள் சேர்க்கப்பட்டன என்று கணக்கிடும் விளையாட்டுகளில் இதற்கு 'லோ பர்சென்ட்' என்ற பெயரும் உண்டு.

முன்பே கடினமான ஒரு விளையாட்டை மேலும் கடினமாக்கிக்கொள்வது வீண் வேலை என்று தோன்றலாம். ஆனால் பொருட்களை ஒவ்வொன்றாக விலக்கும்போதுதான் எது உண்மையில் தேவை, எது வெறும் வசதி என்பது தெரியவருகிறது. விலக்கிய பொருளின் இடத்தை ஆடுபவரின் அறிவும் பயிற்சியும் நிரப்ப வேண்டியிருக்கிறது.

விதியால் வரும் மதிப்பு

மதுரை வட்டாரத்தில் இந்த எண்ணத்திற்கு நன்கு தெரிந்த ஓர் ஒப்புமை உண்டு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் தைப் பொங்கலையொட்டி நடக்கும் ஜல்லிக்கட்டில் மாடுபிடி வீரர் வெறுங்கையோடுதான் களத்தில் நிற்கிறார். கயிறு இல்லை, கம்பு இல்லை. காளையின் திமிலை மட்டுமே பிடிக்கலாம். கொம்பையோ வாலையோ பிடித்தால் அந்தப் பிடி செல்லாது. கயிறு வீசிக் காளையை நிறுத்துவது எளிது என்பது அனைவருக்கும் தெரியும். அப்படி நிறுத்துபவரை யாரும் வீரர் என்று சொல்வதில்லை. எதைச் செய்யக்கூடாது என்ற விதிதான் செய்த செயலுக்கு மதிப்பைத் தருகிறது.

இரண்டுக்கும் பெரிய வேறுபாடும் உண்டு. வாடிவாசலுக்கு முன் நிற்பவருக்கும் காளைக்கும் இருப்பது ஓர் உயிர். நிகழ்பட விளையாட்டில் தோற்றவர் சில நொடிகளில் மீண்டும் தொடங்கலாம். ஆகவே இங்கே பணயம் வைக்கப்படுவது உடல் அன்று. ஆடுபவரின் நேரமும் பொறுமையுமே.

கட்டாயம் எது, விருப்பம் எது

குறைந்தபொருள் ஆட்டத்தின் முதல் வேலை ஒரு பட்டியல் தயாரிப்பது. 1986இல் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. விளையாட்டு தொடங்கும் திரையிலேயே ஒரு குகை இருக்கிறது. அதற்குள் இருக்கும் முதியவர் ஒரு மரவாளைத் தருகிறார். பெரும்பாலோர் முதலில் செய்வது அதை வாங்கிக்கொள்வதுதான். ஆனால் அந்தக் குகைக்குள் நுழையாமலேயே பயணத்தைத் தொடங்க விளையாட்டு அனுமதிக்கிறது.

வாள் இல்லாதவர் வெடிகுண்டு, அம்பு, மெழுகுவர்த்தியின் நெருப்பு ஆகியவற்றை நம்ப வேண்டும். பின்னர் ஆறாம் நிலவறையில் கிடைக்கும் மந்திரக்கோலும் உதவும். இவற்றில் பலவற்றுக்குச் செலவு உண்டு. ஒவ்வொரு அம்பும் எய்தவுடன் ஒரு ரூபி நாணயத்தைக் குறைக்கிறது. வெடிகுண்டுகளோ எண்ணிக்கையில் மிகக் குறைவு. வாளோடு ஆடும்போது எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத ஒவ்வோர் அடியும் இப்போது வரவு செலவுக் கணக்காகிவிடுகிறது.

கட்டாயமான பொருட்களை அந்தந்த இடத்தின் அமைப்பே முடிவு செய்கிறது. நான்காம் நிலவறை தீவில் இருப்பதால் தெப்பம் வேண்டும். ஐந்தாம் நிலவறையின் தலைமை எதிரியைச் சுருங்கச் செய்யவும், ஏழாம் நிலவறையை மறைக்கும் குளத்தை வற்றச் செய்யவும் குழல் வேண்டும். ஆறாம் நிலவறையின் எதிரிக்குக் கண்ணில் மட்டுமே அடி விழும். அதற்கு வில்லும் அம்பும் வேண்டும். ஏழாம் நிலவறையில் வழிமறித்து நிற்கும் பசித்த காவலனுக்கு இறைச்சி கொடுக்க வேண்டும். எட்டாம் நிலவறையின் வாயிலை மறைக்கும் மரத்தை எரிக்க மெழுகுவர்த்தியும், ஒன்பதாம் நிலவறையின் வாயிலைத் திறக்க வெடிகுண்டும் தேவை.

கடைசி எதிரியான கானானை வாளால் அடித்து, பிறகு வெள்ளி அம்பால் முடிக்க வேண்டும். எனவே வாள் இல்லாத ஆட்டம் கானானின் அறை வரைதான் செல்லும். அதைத் தாண்ட ஒரு வாளாவது வேண்டும். பலமான வாள்களைப் பெற 5 அல்லது 12 இதயங்கள் இருக்க வேண்டும் என்பது விளையாட்டின் நிபந்தனை. தொடக்கத்தில் இருக்கும் 3 இதயங்களோடு நிற்பவருக்கு மரவாள் மட்டுமே கிடைக்கும். மொத்தம் 16 இதயங்கள் வரை சேர்க்க முடியும். மற்ற 13 இதயங்களும், வாங்கும் அடியைக் குறைக்கும் மோதிரங்களும் விருப்பப் பொருட்களே.

பொருளின் இடத்தில் அறிவு

1994இல் வெளிவந்த 'சூப்பர் மெட்ராய்டு' ஆட்டம் முடிந்ததும் சேர்த்த பொருட்களின் சதவீதத்தைத் திரையில் காட்டுகிறது. மொத்தம் 100 பொருட்கள். ஒவ்வொன்றும் ஒரு சதவீதம். எல்லாவற்றையும் தேடிச் சேர்க்கத் தூண்டும் இந்த எண்ணே, எவ்வளவு குறைக்கலாம் என்ற கேள்வியையும் எழுப்பியது. பெரிய நிரல் பிழைகளைப் பயன்படுத்தாமல் ஆடுவோரிடையே 14 சதவீதம் நன்கு அறியப்பட்ட ஒரு பிரிவு. அதற்குள்ளும் பனிக்கதிரை எடுக்கும் வழி, வேக ஊக்கியை எடுக்கும் வழி என இரண்டு உண்டு.

86 பொருட்களை விட்டுவிட்டு எப்படி முடிக்க முடிகிறது? முக்கியமான விடை சுவர்த்தாவல். சுவரில் மோதும் நொடியில் எதிர்த்திசையை அழுத்தித் தாவினால் நாயகி சேமஸ் சுவரை உதைத்து மேலே ஏறுகிறாள். இதற்கு எந்தப் பொருளும் தேவையில்லை. ஆட்டத்தின் முதல் நொடியிலிருந்தே இந்தத் திறன் அவளிடம் இருக்கிறது, ஆடுபவருக்குத்தான் தெரியாது. நிலத்தடி அறை ஒன்றில் சிறு விலங்குகள் சுவருக்குச் சுவர் தாவிக் காட்டி இதைக் கற்றுத்தருகின்றன. இதைக் கற்றவருக்கு உயரத் தாவும் காலணி தேவையற்றதாகிவிடுகிறது.

ஆனால் எல்லாவற்றையும் திறமையால் ஈடுகட்ட முடியாது. கடைசி எதிரியான தாய் மூளை வீசும் கதிர் ஒன்றை வழக்கமான முறையில் ஆடுபவர் விலகித் தப்ப இயலாது. அதைத் தாங்குமளவு ஆற்றல் கலங்கள் இருந்தே ஆக வேண்டும். திறமைக்கு இடம் கொடுக்கும் தடை எது, கொடுக்காத தடை எது என்று பிரித்தறிவதே பட்டியலை மேலும் குறைக்கும் வழி.

சுமை குறைந்தால் வேகம்

ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'டார்க் சோல்ஸ்' கடினமான விளையாட்டுகளுக்கு உதாரணமாகச் சொல்லப்படுவது. எதிரிகளை வென்று சேர்க்கும் ஆன்மாக்களைச் செலவிட்டு நிலை உயர்த்திக்கொள்வது இதில் வழக்கம். நிலை 1லேயே நின்று முடிப்பது இதன் புகழ்பெற்ற சவால். இதற்குப் பலர் நெருப்பு மந்திரவாதி வகுப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவ்விளையாட்டில் நிலை 1இல் தொடங்கும் வகுப்பு அதுவே. நெருப்பு மந்திரங்களின் வலிமை பாத்திரத்தின் பண்பு எண்களைச் சார்ந்ததில்லை. கையிலுள்ள சுடரை ஆன்மாக்கள் கொடுத்து மேம்படுத்தினால் போதும்.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. சுமக்கக்கூடிய எடையில் கால் பங்குக்குள் கவசமும் ஆயுதமும் இருந்தால் பாத்திரம் மிக வேகமாக உருளும். உருளும்போது சிறு நேரம் அடி எதுவும் படாது. கனமான கவசம் அடியைக் குறைக்கிறது, ஆனால் விலகும் வேகத்தையும் குறைக்கிறது. நிலை 1இல் ஆடுபவர் பெரும்பாலும் கவசத்தைக் கழற்றிவிட்டு, எதிரியின் ஒவ்வோர் அசைவையும் மனப்பாடம் செய்து, உருள வேண்டிய நொடியைக் கற்றுக்கொள்கிறார். பத்து அடி தாங்கியவர் பத்துத் தவறு செய்யலாம். ஓர் அடியில் விழுபவர் தவறை உடனே கண்டுகொள்கிறார்.

விளையாட்டே கணக்கு வைக்கும் கட்டுப்பாடுகள்

இத்தகைய கட்டுப்பாடுகளை விளையாட்டே பதிவு செய்வதும் உண்டு. 1987இல் முதலில் வெளியான 'நெட்ஹேக்' எழுத்துக்குறிகளால் வரையப்பட்ட நிலவறைகளைக் கொண்டது. ஒருமுறை இறந்தால் ஆட்டம் முடிந்தது. ஆடுபவர் உணவே உண்ணாமல் இருந்தாரா, புலால் தவிர்த்தாரா, ஆயுதத்தால் அடிக்காமல் இருந்தாரா, எந்த உயிரையும் தம் கையால் கொல்லாமல் இருந்தாரா, எதையும் படிக்காமல் இருந்தாரா என்பதை எல்லாம் அது கவனித்து, முடிவில் பட்டியலிடுகிறது. இது இலவச மென்பொருள். பழைய கணினியிலும் ஓடும். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத மாணவர்களும் இதில் இவ்வகைச் சவாலை முயன்று பார்க்கலாம்.

முயன்று பார்க்க விரும்புவோருக்கு

முதலில், வழக்கமான முறையில் ஒருமுறையாவது முடித்த விளையாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழியே தெரியாத இடத்தில் பொருளையும் விலக்கினால், தோல்விக்குக் காரணம் எது என்று தெரியாமல் போகும்.

இரண்டாவது, விதியைத் தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். ஒரு பொருளை எடுத்துப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அது கணக்கில் சேருமா? நிரல் பிழைகளைப் பயன்படுத்தலாமா? மருந்து வாங்கலாமா? இவற்றை முன்பே முடிவு செய்யாவிட்டால், பத்தாவது தோல்விக்குப் பின் விதி மெல்ல வளையத் தொடங்கும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விலக்கத் தேவையில்லை. முதல் ஆட்டத்தில் கவசத்தை மட்டும், அடுத்த ஆட்டத்தில் மருந்தையும், அதற்கடுத்து ஆயுதத்தையும் என்று படிப்படியாகக் குறைக்கலாம். ஒவ்வொரு படியிலும் அந்தப் பொருள் எந்தக் குறையை மறைத்துக்கொண்டிருந்தது என்பது புலப்படும்.

நான்காவது, தோல்விகளைக் குறித்து வைப்பது நல்லது. எந்த இடத்தில், எந்த அடியில், என்ன செய்துகொண்டிருந்தபோது என்று மூன்று சொற்களில் எழுதினாலே போதும். ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப வந்தால், பயிற்சி தேவைப்படும் இடம் அதுதான்.

ஐந்தாவது, நேரத்திற்கும் ஒரு வரம்பு வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு முறை' என்ற எண்ணம் இவ்வகை ஆட்டத்தில் மிக வலுவானது. சோர்ந்த கையும் தூக்கம் கெட்ட கண்ணும் தவறுகளைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. பொருளைக் குறைப்பது போலவே ஒரு நாளின் முயற்சிகளையும் எண்ணிக் குறைத்துக்கொள்வது மாணவர்களுக்கு மிகவும் அவசியம்.

நேர்மை

பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஆடுபவர் வகுத்த விதி தெரியாது. ஒரு மருந்துக் குப்பியை யாரும் பார்க்காதபோது குடித்துவிட்டாலும் முடிவுத் திரை ஒரே மாதிரிதான் வரும். சாதனையாக அறிவிக்க விரும்புவோர் முழு ஆட்டத்தையும் பதிவு செய்து காட்டுவது இதனால்தான். அறிவிக்கும் எண்ணமே இல்லாதவருக்கு விதியைக் காக்கும் நடுவர் அவரே. அலங்காநல்லூரில் பிடி செல்லுமா என்று பார்க்கக் குழுவும் கூட்டமும் இருக்கின்றன. தனியறையில் ஆடுபவருக்கு அப்படி யாரும் இல்லை. எழுதி வைத்த விதியை அவர் காத்தால்தான், முடிவுத் திரையில் தெரியும் வெற்றி அவர் முயன்ற சவாலின் வெற்றியாகும்.