பெயரால் அழைக்கும் முறை

திருநெல்வேலி டவுணில் ஆனித் திருவிழாவின்போது நெல்லையப்பர் தேர் நான்கு ரத வீதிகளையும் சுற்றி வருவதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். "இரண்டாவது வடத்தார் இழுங்கள்" என்று ஒருவர் கூவினால், அவ்வேளையில் அவ்வடத்தைப் பிடித்திருப்போர் எவரோ அவர் இழுப்பர். களைத்தவர் விலகுவர், புதியவர் கைகொடுப்பர். கூவியவர் அவர்களுள் ஒருவர் பெயரையும் அறியார். ஆட்கள் மாறினும் வடத்தின் பெயர் மாறுவதில்லை. கணிப்பொறிச் சாஸ்திரத்திலும் இதனையொத்த ஏற்பாடொன்று உண்டு. அதனை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

எர்லாங் என்பது சுவீடன் தேசத்து எரிக்ஸன் கம்பெனியார் டெலிபோன் நிலையங்களின் பொருட்டு 1980-களில் உண்டாக்கி, 1998-இல் யாவரும் எடுத்தாளும்படி வெளியிட்ட நிரல்மொழி. இதில் வேலைகள் யாவும் பிராசஸ் எனப்படும் சிறு ஏவலாளர் பலரிடம் பகிர்ந்தளிக்கப்படும். அவை ஒன்றன் நினைவகத்தை மற்றொன்று தீண்டா. செய்தி அனுப்பியே உறவாடும். பல கணிப்பொறிகளில் அவை பரவியிருத்தலும் கூடும். ஒரு பிராசஸ் மாண்டு அதன் இடத்தில் வேறொன்று தோன்றினால் அடையாளமும் மாறிவிடும். ஆகையால் ஒரே தொழில் புரிவனவற்றை ஒரு கூட்டமாக்கி, அக்கூட்டத்திற்குப் பெயரிடுதல் வழக்கமாயிற்று. பெயரைச் சொல்லிக் கேட்டால் உறுப்பினர் பட்டியல் கிடைக்கும். அனுப்புவோர் ஒவ்வொருவருக்கும் செய்தி விடுப்பர்.

இப்பட்டியலைப் பல கணிப்பொறிகளிற் பிழையின்றி வைத்திருப்பது எங்ஙனம்? இங்கேதான் இடர்ப்பாடு. பி.ஜி. 2 என்னும் பழைய முறையில், ஒருவர் சேரும்போதெல்லாம் அக்கூட்டத்தின் பெயருக்கு எல்லாக் கணிப்பொறிகளும் அறியப் பூட்டிட்டு, எல்லாவற்றின் மறுமொழிக்கும் காத்திருந்தனர். ஒன்று தாமதித்தால் மற்றவையும் தாமதித்தன.

2020-இல் வெளிவந்த 23-ஆம் பதிப்பில் பி.ஜி. என்னும் புதுமுறை வந்தது. மறு ஆண்டிலே 24-ஆம் பதிப்பில் பழையது நீக்கப்பட்டது. புதுமுறையிற் பூட்டு இல்லை. ஒவ்வொரு கணிப்பொறியும் தன்னிடத்துள்ள உறுப்பினர்க்கு மட்டுமே பொறுப்பேற்று, சேர்தலையும் விலகலையும் பிறவற்றிற்கு அறிவிக்கும். உறுப்பினர் மாண்டால் பெயர் தானே நீங்கும். முதல்வர் சேரும்போது கூட்டம் பிறக்கும். கடைசி உறுப்பினர் அகலும்போது மறையும். இருமுறை சேர்ந்தவர் இருமுறை விலகவேண்டும்.

இதன் பயனை நம் ஆற்றங்கரையில் வைத்துப் பார்ப்போம். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோது ஸ்ரீவைகுண்டம் வெள்ளத்தாற் சூழப்பட்டு, ரயிலில் வந்த நூற்றுக்கணக்கான பிரயாணிகள் அங்கே சிக்கினர். பாபநாசம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய மூவிடத்தும் வெள்ள எச்சரிக்கைக் கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். ஸ்ரீவைகுண்டத்துத் தொடர்பு அற்றும் அறாமலும் தடுமாறினால், பழைய முறையில் மற்ற இரண்டும் அதன் மறுமொழிக்காகத் தயங்கி நிற்கும். புதுமுறையிலோ அவை தம் பணியை நிறுத்தா. தொடர்பு முற்றும் அற்றால் ஸ்ரீவைகுண்டத்தாரின் பெயர்களைத் தம் பட்டியலினின்று எடுத்துவிடும். ஸ்ரீவைகுண்டத்துக் கணிப்பொறியோ தன்னூர் உறுப்பினரைத் தான் அறிந்திருத்தலால், அங்குள்ளோர்க்கு எச்சரிக்கையும் நில்லாது. தொடர்பு மீண்டதும் பட்டியல்கள் பரிமாறப்பட்டு ஒன்றுபடும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சிறிது காலம் இடத்திற்கு இடம் பட்டியல் வேறுபடலாம். பட்டியலிலுள்ளவர் செய்தி சேருமுன் மாண்டிருக்கலாம். ஆகவே ஒரே ரயில் படுக்கையை இருவர்க்கு விற்றலாகாது என்பது போன்ற காரியங்களுக்கு இதனை மட்டும் நம்புதல் தகாது. பட்டியலில் இல்லாமை மரணத்திற்குச் சான்றன்று. இருத்தல் உயிர்க்கும் சான்றன்று. இதனை மறவாது நிரல் எழுதும் மாணவனுக்கே இம்முறை பயன் தரும்.