உங்களுக்குத் தெரியுமா? காவியத்துக்குள் நுழைந்த ஜார்

பெர்லினில் 1837-இல் பிறந்த வில்ஹெல்ம் ராட்லோஃப், 1859-இல் சைபீரியாவின் பர்னாவுல் நகருக்குப் பள்ளி ஆசிரியராகப் போனார். கோடை வந்தால் அல்தாய் மலைப்பக்கம் கிளம்பிவிடுவார். துருக்கிய இன மக்களின் கதைகளையும் பாடல்களையும் அவர்கள் வாயால் கேட்டு எழுதினார். பின்னாளில் அவை 10 தொகுதிகளாயின.

கிர்கிஸ் மக்களின் ‘மனாஸ்’ காவியத்தை அவர் எழுதியெடுத்தபோது, பாடகர் நாயகனை ரஷ்ய ஜாரின் நண்பனாக்கிப் பாடினார். எதிரே உட்கார்ந்து கேட்பவர் பாடகரின் கண்ணுக்கு ரஷ்ய அதிகாரி ஆயிற்றே! ராட்லோஃப் இதை மறைக்கவில்லை. கேட்பவருக்கேற்பப் பாட்டு உருமாறும் என்று 1885-இல் அந்தக் காவியம் வெளியான தொகுதியின் முன்னுரையிலேயே விளக்கினார். எவ்வளவு நேர்மையான, நுட்பமான கவனிப்பு! ஹோமர் காவியங்களை வாய்மொழிப் பாடல்களாக ஆராய்ந்த அமெரிக்கர் மில்மன் பாரிக்கு அந்த முன்னுரை பிற்பாடு பெரிதும் கைகொடுத்தது.