அடுப்படியில் ஒரு படம்

எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் சமையல்காரர்கூட இரண்டு படத்தில் சிரித்துக்கொண்டிருப்பார். என் மாமியார் மட்டும் ஒன்றில்கூட இல்லை. 1985-ல் நடந்த கல்யாணம். மாமனார் தவறி அப்போது ஆறு வருஷம். மணமேடைப் பக்கம் வராதே என்று யாரும் சொல்லவில்லை. அவராகவே உக்கிராண அறையில் இருந்துவிட்டார்.

1987-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த என் அண்ணன் ஒரு பெண்டாக்ஸ் கே-1000 காமிராவைத் தந்துவிட்டுப் போனார். எல்லாம் கையால் திருகிச் சரிசெய்கிற காமிரா. பாட்டரி, வெளிச்சம் அளக்கும் முள்ளுக்கு மட்டும்தான். ஒரு வயது மகனை எடுத்தே பாதி பிலிம் தீர்ந்தது. அத்தை பக்கம் திருப்பினால் முகத்தை மூடிக்கொள்வார்.

"ஏளா, வெள்ளச் சீல கட்டுனவளப் படம் புடிச்சி எந்தச் செவுத்துல மாட்டப் போற?"

"இவன் பெரியவனாகி, ஆச்சி எப்படி இருப்பாங்கன்னு கேட்டா நான் எதைக் காட்ட, அத்தை?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அடுப்படியில வேணா எடுத்துக்கோ. வாசல்ல வச்சு வேண்டாம்" என்றார்.

அம்பாசமுத்திரம் பக்கத்து ஓட்டு வீடு அது. கரிபிடித்த சுவர், விறகுப் புகை, கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. போதாததற்கு என் கையில் இருந்தது 100 ஏ.எஸ்.ஏ. பிலிம். வெயிலில் எடுக்கத்தான் அது லாயக்கு.

முதல் நாள் ஃபிளாஷ் போட்டேன். புகை அந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பியடித்து, படம் பூரா வெள்ளைத் திரையாக வந்தது. "கண்ணு அவிஞ்சிரும் போலிருக்கே" என்று அத்தையிடம் வசவு வாங்கியதுதான் மிச்சம். அடுத்து ஃபிளாஷ் இல்லாமல், காமிராவைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டில் ஒரு பங்கு நொடி வைத்து எடுத்தேன். அத்தனையும் ஆடிப்போயிற்று. படம் கழுவி வர ஒரு வாரம் ஆகும். செய்த தப்பும் அப்போதுதான் தெரியும். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எதை எப்படி வைத்து எடுத்தேன் என்று குறித்துக்கொண்டே வந்தேன்.

பிறகு அரிசி டின்மேல் காமிராவை வைத்தேன். ஆட்டம் நின்றது. ஆனால் சேலை சாம்பல் நிறம், முகம் கரிக்கட்டை! காரணம் மெல்லத்தான் பிடிபட்டது. அந்த முள் எதைப் பார்த்தாலும் நடுத்தர நிறம் என்றே கணக்குப் போடும். வெள்ளைச் சேலையைக் காட்டினால் வெளிச்சம் ஏராளம் என்று ஏமாந்து, படத்தை இருட்டாக்கிவிடும். அதனால் அத்தை உட்காரும் இடத்தில் என் உள்ளங்கையை நீட்டி, அதன் மேல் விழும் வெளிச்சத்தை அளந்து, இன்னும் ஒரு படி கூட்டி வைத்தேன். இன்றைக்குக் கைபேசியில் எடுக்கும் உங்களுக்கும் இதே தொல்லை வரும். திரையில் முகத்தின்மேல் விரலால் தொட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள். கைபேசியை ஒரு டப்பாவில் சாய்த்துக்கொண்டால் ஆடவும் ஆடாது. (லென்ஸில் ஆவி படிந்தால் மட்டும் முந்தானையால் துடைத்துவிடாதீர்கள். அதிலுள்ள தூசி கீறிவிடும்.)

எல்லாம் சரி, தோசை வார்க்கிற கை நிற்க வேண்டுமே! சில நாள் காமிராவைத் தொடாமல் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதுகுழலை வாயில் வைத்து மூச்சை இழுக்கும்போது மட்டும் அவர் அசைவதில்லை. ஊதியதும் தணல் சிவந்து முகத்தில் வெளிச்சம் அடிக்கும். காலை பதினோரு மணிக்குக் கண்ணாடி ஓட்டு வெயிலும் தோளில் விழும். அந்த நேரத்துக்குக் காத்திருந்து, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். நாலு தடவை.

மூன்று வீண். ஒன்று விழுந்தது.

அத்தை படத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "தோச கருகுது, அதப் பாக்காம என்னைய எடுத்திருக்கா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நாலு நாள் கழித்து அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏளா, அந்தப் படம் இன்னொன்னு போட முடியுமா? கல்லிடைக்குறிச்சித் தங்கச்சிக்கு ஒண்ணு குடுக்கணும். எனக்கும் சிறுசா ஒண்ணு, சுருக்குப்பையில வைக்க மாதிரி."