அட்டைப்பெட்டி மேல் ஒரு போர்டு

புது மதர்போர்டு வந்தால் அப்போதெல்லாம் நேராக கேபினட்டில் மாட்ட மாட்டோம். அது வந்த அட்டைப்பெட்டியையே கவிழ்த்துப் போட்டு, மேலே போர்டை வைத்து, பிராசசர், ஒரே ஒரு ராம், டிஸ்ப்ளே கார்டு மட்டும் செருகி, பவர் பின் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு தொடு தொடுவோம். ஃபேன் சுற்றும். குட்டி ஸ்பீக்கரிலிருந்து ஒரே ஒரு ‘பீப்’ வந்தால் போர்டு நல்ல போர்டு. நீளமாக ஒன்றும் குட்டையாக இரண்டும் வந்தால் டிஸ்ப்ளே கார்டு சரியாக உட்காரவில்லை என்று பொருள். சத்தமே வராவிட்டால் வயிற்றைக் கலக்கும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பொருளை மாற்ற இன்னொரு முழு நாள் வேண்டுமே!

எங்கள் குடிபாலா சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவே இருக்கிறது. வீட்டில் தமிழ், மண்டல் ஆபீசில் தெலுங்கு. காட்பாடியில் விடியற்காலை ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனால், போர்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரிதான் திரும்புவேன். பஸ் கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டி நரஹரிபேட்டை செக்போஸ்ட்டை நெருங்கும்போது, சட்டைப்பையில் பில் இருக்கிறதா என்று கை தானாகத் தடவிப் பார்க்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகுதான் அந்தப் பழக்கம் விட்டது.

அன்று ஒரு போர்டை மதிப்பிடக் கண்ணும் விரலும் போதும். பழைய ஏடி போர்டுகளில் பவர் கனெக்டர் இரண்டு துண்டாக வரும். கறுப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் நடுவில் சேர வேண்டும் என்பது முதல் பாடம். மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும். அடுத்தது ஜம்பர். 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் எம்எம்எக்ஸ் என்றால் பஸ் 66, பெருக்கல் 3, வோல்டேஜ் 2.8. சாதாரண பென்டியத்துக்கு உரிய 3.3 வோல்ட்டிலேயே ஜம்பரை விட்டுவிட்டால் சூடேறிச் சாகும். அந்த அட்டவணையைப் போர்டின் மேலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். படிக்கத் தெரிந்தவன் மெக்கானிக். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பு பரவிய பிறகு ஒயர் பயம் போனது. பயாஸ் தானே பிராசசரை அடையாளம் காண ஆரம்பித்ததும் ஜம்பரும் போனது.

பிறகு வந்தது கபாசிட்டர் பீதி. 2000-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் உலகம் முழுக்க மோசமான எலக்ட்ரோலைட் நிரப்பிய கபாசிட்டர்கள் போர்டுகளில் ஏறின. ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து அவற்றின் தலை உப்பும், பழுப்பாகக் கசியும். சித்தூரில் ஒரு டிடிபி சென்டருக்கு நான் பூட்டிக்கொடுத்த மூன்று கம்ப்யூட்டர்கள் ஒரே கோடையில் இப்படி விழுந்தன. என்ன கம்பெனி போர்டு என்பது இப்போது முக்கியமில்லை. அந்த அக்கா கல்யாணப் பத்திரிகை சீசனில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த முகம்தான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் போர்டை எடுத்தாலும் முதலில் கபாசிட்டர் தலையை விரலால் தடவிப் பார்ப்பேன். வாடிக்கையாளர் கேட்டால் விலை கூடினாலும் மூன்று வருட வாரண்டி உள்ள இன்டெல் ஒரிஜினல் போர்டு வாங்கச் சொல்வேன். எங்களுக்கு அன்று ‘உயர்தரம்’ என்றால் அதுதான். 2013 ஜனவரியில், டெஸ்க்டாப் போர்டு தயாரிப்பை நிறுத்தப்போவதாக இன்டெல் அறிவித்தபோது சொந்தக்காரர் ஊரைவிட்டுப் போவதுபோல இருந்தது.

இப்போது சித்தப்பா மகன் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். சித்தூர், வேலூர், திருப்பதி என்று எல்லாப் பக்கமும் ஆர்டர். நாலு கேமராவில் 4கே. பழைய மெஷின் திணறுகிறது. “அண்ணா, வாங்குறதே பெருசா வாங்கிடலாம்” என்று 60,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஒரு எக்ஸ்870இ போர்டைப் போனில் காட்டினான். முழுக்கக் கவசம் பூட்டியதுபோல் அலுமினியத் தகடு. தடவிப் பார்க்க ஒரு கபாசிட்டர்கூட வெளியே தெரியவில்லை.

என் விரலுக்கு அங்கே வேலை இல்லை. கையேட்டை இறக்கிப் படிக்க வேண்டியிருந்தது.

பளபளப்புக்கு அடியில் இருப்பது இதுதான். ஏஎம்டியின் ஏஎம்5 பிராசசரிலிருந்து மொத்தம் 28 டேட்டா பாதைகள், அதாவது லேன்கள், புறப்படுகின்றன. 16 கிராபிக்ஸ் கார்டுக்கு, 4 முதல் எஸ்எஸ்டிக்கு, 4 சிப்செட்டுக்கு. மிச்சம் 4. எக்ஸ்870 வரிசையில் யூஎஸ்பி4 கட்டாயம் என்று ஏஎம்டி வைத்துவிட்டதால் அந்த நாலும் பெரும்பாலும் அங்கே போய்விடும். ஆகவே பல போர்டுகளில், பிராசசரோடு நேராக இணைந்த இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி செருகினால், கிராபிக்ஸ் கார்டின் 16 லேன் 8 ஆகிவிடும். எடிட்டிங்கில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் பணம் கொடுப்பவனுக்கு முன்பே தெரிய வேண்டும். பெட்டியின் முன்பக்கத்தில் இது இருக்காது. கையேட்டின் நடுப்பக்கத்து அட்டவணையில், அடிக்குறிப்பில் இருக்கும்.

மீதி எம்.2 ஸ்லாட், சாட்டா, வேகமான நெட்வொர்க் போர்ட் எல்லாம் சிப்செட் வழி. சிப்செட்டோ பிராசசரோடு பேசுவது நான்காம் தலைமுறை லேன் நாலே நாலில். நொடிக்குச் சுமார் 8 ஜிபி. ஏரிக்கு மதகு ஒன்றுதான். வாய்க்காலை எத்தனை வெட்டினாலும் அதில் வருகிற தண்ணீர்தான் பங்காகும். இவன் நாலு எஸ்எஸ்டியிலிருந்து ஒரே நேரத்தில் ஃபுட்டேஜ் இழுக்கப்போகிறவன். எந்த டிரைவ் எந்த ஸ்லாட்டில் என்பதுதான் அவன் வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கும். 60,000 ரூபாய் போர்டிலும் அதில் பாதி விலைப் போர்டிலும் அந்த மதகு ஒரே அளவு.

அடுத்தது மின்சாரம். எம்எம்எக்ஸ் 200 சாப்பிட்டது சுமார் 16 வாட். இவன் கேட்கும் ரைசன் 9 9950எக்ஸ் சுமார் 200 வாட் வரை இழுக்கும். ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலான அழுத்தத்தில் தொடர்ச்சியாக 160 ஆம்பியர் வரை. அதைத் தருவதுதான் விஆர்எம். பாதி விலைப் போர்டில் 80 ஆம்பியர் தாங்கும் ஃபேஸ் 14. கணக்குப் போட்டால் தேவையைப்போல் ஆறேழு மடங்கு. அதற்கு மேல் கொடுக்கும் ஃபேஸ்கள் ஓவர்கிளாக் போட்டிக்குப் போகிறவர்களுக்குத்தான்.

விலை உயர்ந்த போர்டு பிராசசரைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் எனக்கு இருந்தது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சில சாக்கெட்டோடு கருகின. எஸ்ஓசி வோல்டேஜை 1.3-க்குமேல் போகவிடாமல் ஏஎம்டி புது ஃபர்ம்வேரால் கட்டுப்படுத்தியது. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் நிலைகுலைந்த சிக்கல் வெடித்தபோது, மின்வரம்பைத் தளர்த்தியே விற்ற போர்டுகளின் பயாஸ் அமைப்பும் கேள்விக்குள்ளானது. அன்று ஜம்பரை நான் தப்பாக வைத்தால்தான் பிராசசர் எரியும். இன்று என் கை படாமலே, பயாஸில் யாரோ எழுதிய ஒரு எண் எரித்துவிடலாம். ஆகவே எந்தப் போர்டானாலும் முதல் வேலை பயாஸ் அப்டேட். பிராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டனுக்கு நான் கூடுதல் பணம் தரத் தயார். கோளாறை எண்ணாகக் காட்டும் சின்ன டிஸ்ப்ளேவுக்கும்தான். பீப் சத்தத்தின் வாரிசு அது. அதற்காக 30,000 ரூபாய் கூடுதல் கேட்டால் தர மாட்டேன்.

வைஃபை 7 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. அதன் பலமான 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் கீழ்ப்பகுதியை உரிமமில்லாமல் திறந்துவிடுவதற்கான வரைவு விதியையே நம் அரசு 2025 மே மாதம்தான் வெளியிட்டது. இவன் ஸ்டூடியோவில் எப்படியும் கேபிள்தான்.

பாதி விலைப் போர்டையே எடுத்தோம். மிச்சமான காசில் ஒரு பகுதி நல்ல யூபிஎஸ்ஸுக்குப் போனது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் மற்றது ராமுக்கே போனது. நாலு ஸ்லாட் இருந்தும் இரண்டு மட்டுமே நிரப்பினோம். நாலையும் நிரப்பினால் ஏஎம்டி உறுதி தருவது 3600 வேகத்துக்குத்தான், இரண்டென்றால் 5600. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஸ்டூடியோவின் எர்த்தைப் பார்க்கச் சொன்னேன். குழி காய்ந்து கிடந்தது. உப்பும் கரியும் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம்.

பூட்டும் நாளன்று பழக்கம் விடவில்லை. பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல்தான் போர்டை வைத்தேன். ஃபேன் சுற்றியது. சத்தம் இல்லை. திரையும் கறுப்பு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். “டெட் போர்டாண்ணா?” என்று அவன் எஸ்எம்பிஎஸ் ஸ்விட்ச் பக்கம் கையை நீட்டினான். பிடித்து நிறுத்தினேன். டிடிஆர்5 ராம் முதல் தடவை தன்னைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும் என்று கையேட்டில் படித்திருந்தேன். படித்திருந்தும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்றாவது நிமிடம் திரையில் 96 ஜிபி என்று எழுத்து வந்தது.