பொதுப்பெயர் மருந்துகளைத் தாமதப்படுத்தும் உத்திகளும் கிளிவெக் வழக்கும்

பொதுப்பெயர் மருந்து அல்லது ஜெனரிக் மருந்து என்பது, ஒரு நிறுவனம் முதலில் கண்டறிந்து விற்ற மருந்தின் அதே வேதிப்பொருளை, அதே அளவிலும் தரத்திலும், காப்புரிமைத் தடை இல்லாத நிலையில் பிற நிறுவனங்கள் தயாரித்து விற்பதாகும். பலர் தயாரிக்கும்போது போட்டி வருகிறது, விலை இறங்குகிறது. அந்தப் போட்டி வரும் நாளைத் தள்ளிப்போட மருந்து நிறுவனங்கள் சில உத்திகளைக் கையாள்கின்றன. இந்தியாவில் இது பற்றிய மிக முக்கியமான வழக்கு சென்னையில் தொடங்கியது.

காப்புரிமையும் அதன் முடிவும்

காப்புரிமை ஓர் ஒப்பந்தம் போன்றது. கண்டுபிடித்தவர் தம் கண்டுபிடிப்பின் விவரங்களை வெளிப்படையாக எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு வேறெவரும் அதைத் தயாரித்து விற்க முடியாதபடி அரசு பாதுகாப்பு அளிக்கிறது. அந்தக் காலம் முடிந்ததும் கண்டுபிடிப்பு எல்லோருக்கும் உரியதாகிறது.

வலி நிவாரணியான ஐபுப்ரோஃபென் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1960களில் இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனம் கண்டறிந்த இந்த மருந்தின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இன்று அதன் மூலப்பொருள் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையிலும் தயாராகிறது. மாத்திரை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

தாமதப்படுத்தும் உத்திகள்

1. காப்புரிமையைப் புதுப்பித்துக்கொண்டே போதல்: இதை ஆங்கிலத்தில் எவர்கிரீனிங் என்பர். பழைய மருந்தின் உப்பு வடிவம், படிக வடிவம், மாத்திரையின் அளவு போன்ற சிறு மாற்றங்களுக்குப் புதிய காப்புரிமை கேட்பது இது. முதல் காப்புரிமை முடிந்தாலும் இரண்டாவது தொடரும்.

2. காப்புரிமை வேலி: ஒரே மருந்தைச் சுற்றி ஏராளமான காப்புரிமைகளைப் பெற்றுப் போட்டியாளரை நெருங்கவிடாமல் செய்தல். மூட்டழற்சிக்கான ஹுமிரா மருந்துக்கு அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெறப்பட்டன. முதன்மைக் காப்புரிமை 2016இல் முடிந்தும், அதற்கு இணையான மருந்துகள் அங்கு 2023இல்தான் விற்பனைக்கு வந்தன. ஐரோப்பாவில் 2018இலேயே வந்துவிட்டன.

3. பணம் கொடுத்துத் தள்ளிப்போடல்: காப்புரிமையை எதிர்த்து வழக்காடும் ஜெனரிக் நிறுவனத்துடன் சமரசம் செய்து, சில ஆண்டுகள் சந்தைக்கு வராமலிருக்கப் பணம் தருதல். இத்தகைய சமரசங்கள் போட்டிச் சட்டத்தின்கீழ் விசாரணைக்கு உட்பட்டவை என்று 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆக்டாவிஸ் வழக்கில் தீர்ப்பளித்தது.

4. வடிவம் மாற்றி நோயாளிகளை நகர்த்துதல்: காப்புரிமை முடியும் தறுவாயில் பழைய மாத்திரையை விலக்கிவிட்டு, புதிய காப்புரிமை உள்ள வடிவத்துக்கு நோயாளிகளை மாற்றிவிடுதல். மறதிநோய்க்கான நமெண்டா மருந்தில் இப்படிச் செய்ய முயன்றதை 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது.

இந்தியச் சட்டத்தின் பாதை

நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் உருவானது. அதன்படி மருந்தின் தயாரிப்பு முறைக்கு மட்டுமே காப்புரிமை உண்டு. மருந்துப் பொருளுக்குக் கிடையாது. அதே மருந்தை வேறு முறையில் தயாரிக்க யாருக்கும் தடையில்லை. இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது இதனால்தான்.

உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையை ஏற்றதால், 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வழங்க வேண்டியதாயிற்று. அப்போது நாடாளுமன்றம் சட்டத்தில் பிரிவு 3(டி)யை இன்றைய வடிவில் அமைத்தது. ஏற்கெனவே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், அதன் பயன்திறனைக் கூட்டாவிட்டால், அது கண்டுபிடிப்பு ஆகாது என்பதே அதன் சாரம். காப்புரிமை வழங்கப்படுமுன் எவரும் எதிர்ப்பு மனு அளிக்கலாம் என்ற வழியும் சட்டத்தில் உள்ளது.

கிளிவெக் வழக்கு

இமாட்டினிப் என்பது ஒருவகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் இதைக் கிளிவெக் என்ற பெயரில் விற்றது. நோயாளிகள் இதை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். அப்போது கிளிவெக்கின் மாதச் செலவு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் தயாரிப்புக்கு 8,000 முதல் 10,000 ரூபாய் ஆனது. இலவசத் திட்டம் மூலம் பெரும்பாலான நோயாளிகளுக்கு மருந்து தருவதாக நோவார்ட்டிஸ் கூறியது. ஆனால் அந்தத் திட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்பது நிறுவனத்தின் கையில் இருந்தது.

இமாட்டினிப் மெசிலேட் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்காக 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நோவார்ட்டிஸ் விண்ணப்பித்தது. 2003இல் தற்காலிகமான தனி விற்பனை உரிமை பெற்றது. அதைக்கொண்டு 2004இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை ஆணை வாங்கிச் சில இந்திய நிறுவனங்களின் தயாரிப்பை நிறுத்தியது. காப்புரிமை கிடைக்குமுன்பே மலிவு மருந்து தடைபட்டது.

புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் நாட்கோ, சிப்லா உள்ளிட்ட நிறுவனங்களும் எதிர்ப்பு மனு அளித்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. தனி விற்பனை உரிமையும் அத்துடன் முடிந்தது.

பிரிவு 3(டி)யே அரசியலமைப்புக்கு முரணானது என்று நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. 2009இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமையை மறுத்தது.

இறுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மருந்தைப் பொறுத்தவரை பயன்திறன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன்தான் என்று நீதிமன்றம் விளக்கியது. தூளாக எளிதில் கொட்டுவது, ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுவது போன்ற பண்புகள் தயாரிப்பாளருக்கு உதவலாம். நோயாளியைக் குணப்படுத்துவதில் அவற்றுக்குப் பங்கில்லை. உடலில் சேரும் அளவு 30 விழுக்காடு கூடுகிறது என்ற வாதமும், அதனால் சிகிச்சைப் பயன் கூடியதற்குச் சான்று தரப்படாததால் ஏற்கப்படவில்லை.

ஆராய்ச்சிக்குச் செலவிடும் நிறுவனங்கள் இத்தீர்ப்பால் ஊக்கம் இழக்கும் என்ற விமர்சனம் எழுந்தது. ஆனால் எல்லாப் படிப்படியான முன்னேற்றங்களுக்கும் பிரிவு 3(டி) தடையல்ல என்று தீர்ப்பே கூறுகிறது. நோயாளிக்குக் கூடுதல் பயன் உண்டென்று மெய்ப்பித்தால் காப்புரிமை பெறலாம்.

பின்னர் நடந்தவை

பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்குப் பயன்படும் பெடாகுயிலின் மருந்திலும் இதே கேள்வி எழுந்தது. அதன் முதன்மைக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. உப்பு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்று 2027 வரை உரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் முயன்றது. காசநோயிலிருந்து மீண்ட நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே ஆகியோர் எதிர்ப்பு மனு அளித்தனர். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. மலிவான தயாரிப்புக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே வழி திறந்தது.

இரு வழக்குகளிலும் தடையை நீக்கியவை பிரிவு 3(டி)யும், எவரும் எதிர்ப்பு மனு அளிக்கலாம் என்ற வழியும்தான். அதுவரை கட்டணமின்றி இருந்த எதிர்ப்பு மனுவுக்கு 2024ஆம் ஆண்டு விதித்திருத்தம் கட்டணம் விதித்தது. மனு விசாரணைக்கு ஏற்றதா என்பதை அதிகாரி முதலில் முடிவு செய்யும் முறையும் வந்தது. நோயாளிகளும் சிறு அமைப்புகளும் இனி இவ்வழியை எந்த அளவுக்குப் பயன்படுத்த முடியும் என்பதைப் பொறுத்தே, அடுத்த கிளிவெக்கின் விலை அமையும்.